ரிட்டன் பார்சலில் வேறு சேலை: மாற்றியது யார் என்று முதலில் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். மதுரை வில்லாபுரத்தில் வீட்டிலிருந்தபடியே ஒரு ஆன்லைன் மார்க்கெட்பிளேஸில் சுங்குடிச் சேலை விற்கிறீர்கள். 1,450 ரூபாய்க்குப் போன மெரூன் நிறக் கைக்கட்டுச் சேலை ஒன்று, ‘பிடிக்கவில்லை’ என்ற காரணத்தோடு ரிட்டன் வந்தது. பிரித்துப் பார்த்தால் வெளுத்துப்போன ஒரு மெரூன் பாலியெஸ்டர் சேலை. வாங்கியவருக்குப் பணம் திரும்பிப் போய்விட்டது. நஷ்டத்தை ஈடுசெய்யச் சொல்லி நீங்கள் தளத்திடம் போட்ட க்ளெய்மை ‘போதிய ஆதாரம் இல்லை’ என்று நிராகரித்துவிட்டார்கள். அவர் மேல் போலீஸில் புகார் கொடுக்கலாமா, சிஓடியை (பொருள் கைக்கு வந்த பிறகு பணம் கட்டுவதை) நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். லேபிளில் அவருடைய நம்பர் இருக்கிறது, கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் போல இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. மாற்றி வைத்தது அந்த வாடிக்கையாளர்தான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

என்னைப் பற்றி இரண்டு வரி. விளக்குத்தூண் பக்கம் அப்பாவின் ஜவுளிக்கடையில் வளர்ந்தவன். எட்டு வருடமாக சுங்குடியும் செட்டிநாட்டுக் காட்டனும் ஆன்லைனில் விற்கிறேன். தெரிந்தவர்கள் ஏழெட்டுப் பேருடைய க்ளெய்ம்களையும் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். வக்கீல் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வது ஒரு வியாபாரி தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்குத்தான்.

திரும்பி வரும் பார்சல் இரண்டு வகை. வாடிக்கையாளர் கையில் சேராமலே திரும்புவது ஆர்டிஓ (ரிட்டன் டு ஆரிஜின்). சேர்ந்து, பிரித்துப் பார்த்து, பிறகு பிக்அப் ஆகி வருவது கஸ்டமர் ரிட்டன். ஆர்டிஓவில் சரக்கு மாறி வந்தால் வாங்கியவர் மேல் சந்தேகப்படவே இடமில்லை, அவர் அந்தப் பையைத் தொடவே இல்லை. இது தெரியாமல் ஆர்டிஓ பார்சலுக்கு ‘கஸ்டமர் ஃப்ராடு’ என்று க்ளெய்ம் போட்டு நிராகரிப்பு வாங்கியவர்கள் நிறையப் பேர். உங்களுடையது கஸ்டமர் ரிட்டன் என்றுதான் தெரிகிறது. அதிலும் வாடிக்கையாளர் வீட்டு வாசலுக்கும் உங்கள் வாசலுக்கும் நடுவில் பிக்அப் எடுத்தவர், ஹப், லாரி, டெலிவரி பையன் என்று பல கைகள் இருக்கின்றன. ஒரே தெருவில் நாலு ரிட்டன் எடுக்கிற பையன் வண்டியிலேயே லேபிளை மாற்றி ஒட்டிவிடுவதும் உண்டு.

எனக்கே நடந்திருக்கிறது. சேலைக்குப் பதில் ஒரு குழந்தையின் கவுன் வந்தது. வந்த கோபத்தில் வாங்கிய அம்மாவைத் திருடி என்கிற அளவுக்கு எழுதி க்ளெய்ம் போட்டேன். நிராகரித்தார்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் பையை மறுபடி எடுத்துப் பார்த்தால், என் லேபிளுக்கு அடியில் இன்னொரு லேபிள் பாதி கிழிந்த நிலையில் ஒட்டியிருந்தது. அது வேறு யாரோ ஒரு விற்பனையாளரின் ஆர்டர். என் சேலை அவரிடம் போயிருக்கும். அதைப் படம் எடுத்து, யாரையும் குற்றம் சொல்லாமல், ‘வேறு பொருள் வந்துள்ளது’ என்ற பிரிவில் மேல்முறையீடு போட்டேன். பணம் வந்தது. அந்த அம்மாவைப் பற்றி எழுதியதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அதனால் நான் இப்போது யார் திருடியது என்பதற்குள் போவதே இல்லை. க்ளெய்ம் பார்க்கிறவருக்கும் அது தேவையில்லை. நான் அனுப்பியது இந்தப் பீஸ், திரும்பி வந்தது அந்தப் பீஸ் இல்லை, இதை மட்டும் நிறுவினால் போதும். இங்கேதான் சுங்குடிக்காரர்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மில் சேலை என்றால் ஒரே மாதிரி ஆயிரம் பீஸ் இருக்கும். கைக்கட்டுச் சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் யாரோ ஒரு பெண் விரலால் துணியைக் கிள்ளி நூல் சுற்றிப் போட்ட முடிச்சு. சாயத்தில் முக்கி எடுத்து முடிச்சை அவிழ்க்கும்போது புள்ளி விழுகிறது. அதனால் புள்ளிகளின் இடைவெளியும் உருவமும் ஒரு சேலை மாதிரி இன்னொன்றில் இருக்காது. முந்தியின் ஒரு மூலையை, உள்ளங்கை அகலத்துக்கு, பேக் பண்ணுவதற்கு முன் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தச் சேலையின் கைரேகை அதுதான். திரும்பி வந்ததன் அதே மூலையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறேன். கட்டுகிறவர்களிடம் சொல்லி, உள் ஓரத்தில் நாலைந்து முடிச்சை அவிழ்க்காமல் விடச் சொல்வேன். வாங்குகிறவருக்கு அது கைவேலை என்பதற்கு அடையாளம், எனக்கு அது முத்திரை. ஒருமுறை அவிழ்த்துவிட்டால் பழையபடி கட்ட முடியாது. ஆனால் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்து ‘உடுத்திவிட்டார்’ என்று க்ளெய்ம் போடாதீர்கள். வாங்கியவர் ஆர்வத்தில் அவிழ்த்துப் பார்த்திருக்கலாம், அது குற்றம் ஆகாது. சேலை உங்களுடையதுதானா இல்லையா என்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

வீடியோ எடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் எப்படி எடுக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. நான் பார்த்த வரை, நிராகரிப்பில் பெரும்பங்கு வீடியோ இல்லாததால் வருவதில்லை, நடுவில் வெட்டுப்பட்ட வீடியோவால் வருகிறது. பேக்கிங் வீடியோ ஆர்டர் எண் உள்ள லேபிளில் தொடங்க வேண்டும். எழுத்து படிக்கும்படி இரண்டு நொடி நிற்க வேண்டும். பிறகு சேலை, முந்தி மூலை, டேக் எண், மடித்துப் பைக்குள் வைப்பது, ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் ஒரே ஓட்டமாக, பொருள் ஒரு நொடிகூட ஃப்ரேமுக்கு வெளியே போகாமல் இருக்க வேண்டும். திரும்பி வந்ததைப் பிரிக்கும்போது இதைவிடக் கவனம் வேண்டும். பையின் ஆறு பக்கமும், ஒட்டிய இடம் கிழிந்திருக்கிறதா என்பதும், லேபிளில் உள்ள ஏடபிள்யூபி எண்ணும் (கூரியரின் பார்சல் எண்) தெரிந்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொட வேண்டும். லேபிள் இருக்கும் பக்கத்தை வெட்டாதீர்கள். தனியாள் என்றால் செல்போனை ஒரு ஸ்டாண்டில் மேலிருந்து பார்க்கும்படி மாட்டிவிடுங்கள், ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பிரித்தால் படம் ஆடித்தான் தீரும். அந்தக் கோப்பை போனிலிருந்து நேராக ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் யாருக்கோ அனுப்பி அங்கிருந்து இறக்கினால் தரம் குறைந்துவிடும், எடுத்த நேரம் முதலிய விவரங்களும் போய்விடும்.

ரிட்டன் வாங்குகிற அந்த ஐந்து நிமிடம்தான் எல்லோரும் கோட்டை விடுகிற இடம். பையன் பதினைந்து பார்சலை வாசலில் கொட்டிவிட்டு, “அண்ணே, இன்னும் நாப்பது டெலிவரி கெடக்கு, ஓடிபி சொல்லிருங்கண்ணே” என்பான். பாவமாகத்தான் இருக்கும். ஆனால் ஓடிபி சொன்ன நிமிடம் ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று பதிவாகிவிடலாம். நான், “தம்பி, ஒரு டீயக் குடி, எண்ணிட்டுத் தர்றேன்” என்று உட்கார வைத்துவிடுவேன். கிழிந்த பை, மேலே வேறு டேப் ஒட்டிய பை, கையில் எடுத்தாலே கனம் குறைவாகத் தெரிகிற பை, இவற்றைத் தனியாக வைத்து அவன் முன்னாலேயே படம் எடுப்பேன். அவனுடைய ஆப்பில் சேதம் என்று குறிக்க வழியிருந்தால் குறிக்கச் சொல்வேன். இல்லையென்றால் அந்த ஒரு பார்சலை மட்டும் வாங்காமல் திருப்பி அனுப்புவேன். வாங்கிய அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும். க்ளெய்ம் போடக் கெடு உண்டு, ஒவ்வொரு தளத்திலும் வேறு, அவ்வப்போது மாற்றுவார்கள். அமேசானில் சேஃப்-டி க்ளெய்ம், ஃப்ளிப்கார்ட்டில் எஸ்பிஎஃப் என்று பெயரும் வேறு வேறு. உங்கள் விற்பனையாளர் கணக்குப் பக்கத்தில் இன்றைய கெடு என்ன என்று பார்த்து சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

எடையைக் காட்டி ஜெயிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பித்தளை விளக்கு விற்கிறவருக்கு அது நல்ல ஆதாரம், விளக்குக்குப் பதில் சோப்புக் கட்டி வந்தால் எடை உடனே காட்டிக்கொடுக்கும். சேலையில் அது பலவீனம். உங்கள் சுங்குடியும் அந்தப் பாலியெஸ்டரும் பெரும்பாலும் ஒரே எடைப் பிரிவுக்குள்தான் வரும், கூரியர் பில்லில் வித்தியாசமே தெரியாது. உங்கள் சொந்தத் தராசுப் படத்தைத் துணை ஆதாரமாக மட்டும் வையுங்கள்.

க்ளெய்மில் எழுதுவது நாலு வரிக்கு மேல் போக வேண்டாம். எங்கோ உட்கார்ந்து ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் பார்க்கிற ஒருவர் அதைப் படிக்கப் போகிறார். உங்கள் வேதனையை அவரால் படிக்க முடியாது, நேரம் இல்லை. ‘இந்த ஆர்டர் எண்ணுக்கு அனுப்பியது மெரூன் காட்டன், டேக் எண் இது, பேக்கிங் வீடியோவில் இந்த நிமிடத்தில் தெரிகிறது. திரும்பி வந்தது பாலியெஸ்டர், டேக் இல்லை, புள்ளிகள் அச்சில் விழுந்தவை, பிரிக்கும் வீடியோவில் இந்த நிமிடத்தில் தெரிகிறது. முழுத் தொகை கேட்கிறேன்.’ அவ்வளவுதான். நிராகரித்தால் அதே படங்களை மறுபடி அனுப்பாதீர்கள். முதல் பதிலில் எது இல்லை என்று சொன்னார்களோ அதை மட்டும் புதிதாகச் சேர்த்து அனுப்புங்கள். ஒரே ஆர்டருக்கு ஐந்து டிக்கெட் திறந்தால் ஐந்து பேர் ஐந்து விதமாகப் பதில் போடுவார்கள், எதையும் பிடித்துக்கொண்டு பேச முடியாது.

மாற்றி அனுப்புவதைவிட எனக்கு அதிகம் வருவது வேறு தொல்லை, ஒருநாள் உடுத்திவிட்டுத் திருப்புவது. தீபாவளி, பொங்கல், முகூர்த்த நாள் முடிந்த வாரம் பாருங்கள். மல்லிகைப்பூ வாசத்தோடு வந்த சேலைகூட என்னிடம் உண்டு, முந்தியில் குங்குமம் வேறு. வாசத்தை வீடியோவில் காட்ட முடியாதே! இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது கஞ்சி. புதுச் சேலையின் விறைப்பு ஒரு அலசலில் இறங்கிவிடும், முடிச்சு அவிழ்த்த இடத்தில் நிற்கும் சின்னச் சின்னச் சுருக்கமும் இஸ்திரி போட்டால் படிந்துவிடும். துவைத்த சேலையை அப்படிப் படத்தில் காட்டலாம். துவைக்காமல் ஒரு மாலை மட்டும் உடுத்தியதை நிரூபிக்க எனக்கு இன்றுவரை நம்பகமான வழி கிடைக்கவில்லை. தடுக்கத்தான் முடியும். டேக்கை உள்ளே தைக்காமல், முந்தியில் நெஞ்சுப் பக்கம் விழும் இடத்தில், கழற்றினால் மறுபடி மாட்ட முடியாத பூட்டு நூலில், உள்ளங்கை அளவுக்குத் தொங்க விடுங்கள். ‘டேக் கழற்றினால் ரிட்டன் இல்லை’ என்று அதிலேயே அச்சடியுங்கள், தளத்தின் விதி அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. அந்த டேக் தொங்கத் தொங்கக் கல்யாணத்துக்குப் போக யாருக்கும் மனசு வராது.

இனி நமக்கே கொஞ்சம் கசப்பான பகுதி. ‘சாயம் போகுது’ என்று வருகிற ரிட்டனை எல்லாம் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடர்ந்த நிறச் சுங்குடி முதல் அலசலில் சாயம் இறக்கும், மதுரைக்காரர்களுக்கு அது தெரியும், உப்புத் தண்ணீரில் தனியாக அலசுவோம். டெல்லியில் வாங்குகிறவருக்கு அது எப்படித் தெரியும்? வெள்ளை ரவிக்கையோடு போட்டு ஊறவைத்துவிட்டுத் திட்டுவார். தளத்தில் நாம் போடும் பொருள் விவரத்தின் முதல் மூன்று வரிக்குள் அதை எழுதாதது நம் தவறு. அதைவிடப் பெரிய தவறு, அச்சுப் புள்ளியைக் கைக்கட்டு என்று போட்டு விற்பது. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005இல். சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறையாகக் கட்டிய முடிச்சுக்குக் கிடைத்த பெயர் அது. நம் ஊரிலேயே அந்தப் பெயரை எதன்மேல் வேண்டுமானாலும் ஒட்டுகிறார்கள். நீங்கள் அப்படி விற்றிருந்தால் ரிட்டன் போட்டவர் நேர்மையானவர், பொய் உங்கள் பக்கம்.

சட்டமும் அங்கேதான் நிற்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகளின்படி, பொருள் பழுதானது, போலி, விளம்பரத்தில் சொன்னபடி இல்லை, சொன்ன தேதிக்குப் பிந்தி வந்தது என்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. எங்கள் கடையில் அந்தக் காலத்தில் ‘விற்ற சரக்கு வாபஸ் இல்லை’ என்று பலகை தொங்கும். பழுதான பொருளுக்கு அந்தப் பலகை செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில்லில் கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள் அதைத் திரும்ப எடுக்கச் சொல்கிறது, மறுப்பது நேர்மையற்ற வணிகமுறை. ஆனால் ‘பிடிக்கவில்லை’ என்ற ரிட்டன் இந்தச் சட்டத்தில் வருவது இல்லை. அது மார்க்கெட்பிளேஸ் தன் வியாபாரத்துக்காக வைத்த கொள்கை, நீங்கள் கணக்குத் திறந்தபோது சம்மதித்தது. அதனால் அங்கே உங்கள் வாதம் சட்டத்தோடு இல்லை, அந்தக் கொள்கையோடுதான்.

போலீஸ் விஷயத்துக்கு வருவோம். வேண்டுமென்றே வேறு பொருளை வைத்துப் பணத்தைத் திரும்ப வாங்கினால் அது மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு, பழைய 420. புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் ஸ்டேஷனில் மனு கொடுத்துவிட்டு, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேளுங்கள். ஒரே முகவரி, ஒரே ஆள், மூன்று நாலு ஆர்டர் என்றால் நான் கண்டிப்பாகப் போவேன். ஒரே ஒரு 1,450 ரூபாய்ச் சேலைக்கு, நடுவில் நாலு கை மாறிய பார்சலுக்கு, வெளிமாநிலத்து ஆளைக் குற்றவாளி என்று நிரூபிப்பது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் நேரம்தான் போகும். நீதிமன்றம் வரை போக நினைத்தால் வீடியோ எடுத்த போனையும் அசல் கோப்பையும் அழிக்காமல் வையுங்கள், மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றால், வணிக நோக்கத்துக்குச் சேவை பெறுகிறவர் அந்தச் சட்டத்தில் நுகர்வோர் இல்லை. சொந்தப் பிழைப்புக்காக மட்டும் செய்கிற சுயதொழில் என்ற விலக்கு உண்டு. அதற்குள் நீங்கள் வருவீர்களா என்பது வாதத்துக்குரியது, ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

செய்யக்கூடாதது ஒன்று. லேபிளில் உள்ள நம்பரைக் கூப்பிட்டு மிரட்டாதீர்கள், விற்பனையாளர் குழுக்களில் ‘இவள் திருடி’ என்று பெயரும் நம்பரும் போடாதீர்கள். உங்களை ஏமாற்றியதற்கு ஆதாரம் இல்லாமல் இருக்கும், நீங்கள் அவதூறு செய்ததற்கு ஸ்க்ரீன்ஷாட் இருக்கும். கணக்கையும் முடக்குவார்கள்.

சிஓடியை நிறுத்தினால் வாங்காமல் திருப்புகிற ஆர்டிஓ குறையும். சேலை மாற்றுவது குறையாது. பணம் முன்னால் கட்டியவரும் ரிட்டன் போடலாமே. சின்ன ஊர்களில் சேலை வாங்குகிற பெண்கள் பலர் கையில் பொருள் வந்த பிறகுதான் காசு கொடுப்பார்கள், அவர்களை நீங்களே விரட்டியது போல் ஆகும். நான் செய்தது வேறு. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போகும் கைக்கட்டுகளை மார்க்கெட்பிளேஸில் இருந்து எடுத்துவிட்டேன். அவை தெரிந்த வாடிக்கையாளர்களுக்கு, வீடியோ காலில் விரித்துக் காட்டி, நேரடியாகப் போகின்றன. தளத்தில் விற்பதற்கு, கிடைக்காமல் போகும் பீஸ்களின் விலையை மாதக் கணக்கில் போட்டு, அதை ஒவ்வொரு சேலை விலையிலும் பிரித்து ஏற்றிவிட்டேன். அப்பா கடையில் எலி கடித்த துணிக்கு இப்படித்தான் கணக்கு எழுதுவார்.

கணக்கு என்றதும் ஒன்று, பலர் விட்டுவிடுவது. மார்க்கெட்பிளேஸ் இந்த ஆர்டரை ரிட்டன் என்றுதான் காட்டியிருக்கும். ரிட்டன் போக மீதியுள்ள நிகர விற்பனைக்குத்தான் 0.5 சதவீத டிசிஎஸ் (ஜிஎஸ்டியில் தளமே பிடித்துக் கட்டும் வரி) பிடிப்பார்கள். சேலை உங்களிடம் திரும்பவில்லை, ஆனால் காகிதத்தில் திரும்பிவிட்டது. பில்லைக் குறைத்துக் காட்டும் கிரெடிட் நோட் எப்படிப் போடுவது, தொலைந்த சரக்கை வாங்கியபோது கட்டி, கணக்கில் கழித்துக்கொண்ட வரியை (உள்ளீட்டு வரி) திருப்ப வேண்டுமா என்பதை ஆடிட்டரிடம் அந்த மாதமே பேசிவிடுங்கள். வருடக் கடைசியில் பேசினால் அவருக்கும் ஞாபகம் இருக்காது, உங்களுக்கும் இருக்காது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: அந்தப் பாலியெஸ்டர் சேலையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது வந்த பையையும்தான். சேலையின் நான்கு மூலையிலும் வேறு கடையின் டேக், ஸ்டிக்கர், தையல் எண் இருக்கிறதா பாருங்கள். லேபிளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, அடியில் இன்னொரு லேபிள் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மேல்முறையீட்டின் முதல் வரி அதுவாக இருக்கட்டும். ஒன்றும் தெரியாவிட்டால் அதையும் இங்கே எழுதுங்கள், பேக்கிங் வீடியோவில் இருந்து முந்தி மூலைப் படம் எடுக்க முடிகிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.